வரப்பில் கழற்றிய செருப்பு

ஜடையனுக்கு வாக்கிங் என்றாலே வேப்பங்காய். டாக்டர் சொல்லிப் பார்த்தார், மனைவி பாக்கியலட்சுமி சொல்லிப் பார்த்தாள், தெருவில் போகிறவர்கள்கூடப் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். மனிதர் அசையவில்லை. மைசூர் டவுன் பஸ்ஸை இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர் அவர். கிளம்பிய இடத்துக்கே வெறுங்கையோடு திரும்பி வருவதற்கு எதற்காக நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "ஒரு ஆள ஏத்தல, ஒரு ஆள எறக்கல. இதென்ன ட்ரிப்பு?" என்பார்.

உடம்பு அந்தக் கட்சியில் சேரவில்லை. ரிட்டயர் ஆன மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருநூற்று எண்பது. காலமெல்லாம் உட்கார்ந்தே பழகிய இடுப்பு, குனியச் சொன்னால் கூச்சல் போட்டது. இரவில் தூக்கம் கிடையாது. பகலில் டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. கோபம் மட்டும் எந்நேரமும் மூக்கு நுனியில் காத்திருக்கும். காபியில் சர்க்கரை இல்லை என்று ஒரு சண்டை, சர்க்கரை போட்டால் ஏன் போட்டாய் என்று இன்னொரு சண்டை. பாக்கியலட்சுமிக்குப் பொறுமைசாலி என்று சொந்தபந்தத்தில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை அவள் சம்பாதித்தது அந்த ஒரு வருஷத்தில்தான்.

அவரைக் கரையேற்றியது வீட்டை ஒட்டி இருந்த காலி மனை. மைசூர் ஓரத்தில் அவர்கள் குடியிருந்த போகாதியில் அப்போது வீட்டுக்கு ஒரு காலி மனை பக்கத்தில் கிடக்கும். இது முப்பதடிக்கு நாற்பதடி. பார்த்தீனியச் செடி இடுப்பு உயரத்துக்கு மண்டியிருக்கும், நடுவில் உடைந்த செங்கல்லும் காலி பாட்டிலும் கிடக்கும். ஒரு நாள் அதிலிருந்து ஒரு பாம்பு புறப்பட்டு இவர் வீட்டு வாசல்படி வரை வந்துவிட்டது. ஜடையன் மனைக்காரர் தொட்டையனைப் போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தார். தொட்டையன் குண்டலுபேட்டையில் பூ வியாபாரி, நிதானமான மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுவிட்டுக் கன்னடத்தில் ஒன்றே ஒன்று சொன்னார். "இவ்வளவு கோபம் இருக்கிறவர் நீங்களே சுத்தம் பண்ணிக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமானாலும் வளருங்கள், கட்டடம் மட்டும் வளர்க்காதீர்கள்."

போனை வைத்த வேகத்தில் ஜடையன் மண்வெட்டியை எடுத்தார். உலகத்தில் பல தோட்டங்கள் ஆசையில் தொடங்கியிருக்கலாம். இது கடுப்பில் தொடங்கியது.

முதல் வாரம் பட்டதெல்லாம் அடிதான். பூத்து நின்ற பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கியதில் முழங்கை வரை சிவந்து தடித்து, மூன்று நாள் தும்மியே ஓய்ந்துபோனார். அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. மழை பெய்து மண் இளகின பிறகு, பூ வைப்பதற்கு முன்னால், முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பிடுங்கினார். வெயிலில் வேலை செய்து ஒரு தடவை தலை சுற்றி உட்கார்ந்த பிறகு, காலை ஆறரைக்கு இறங்கி எட்டரைக்கு ஏறிவிடுவது என்று டைம் வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். களை எடுக்க ஒரு மணைப்பலகை; குனிந்தே நின்றால்தானே இடுப்பு கத்தும், உட்கார்ந்து எடுத்தால் அது வாயைத் திறப்பதில்லை. டவுன் பஸ் மாதிரியே நேரத்துக்கு இறங்கி நேரத்துக்கு ஏறினார்.

ஒரு வருஷத்தில் கத்தரி, பீன்ஸ், மிளகாய், நாலு விதக் கீரை, ஓரத்தில் வாழை, வேலியெல்லாம் அவரைக்கொடி என்று அந்த மனை ஆளே மாறிப்போயிற்று. ஆள் மாறியது மனை மட்டும் இல்லை. கீரையைக் கண்டால் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர், தான் வளர்த்ததாயிற்றே என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒன்பதரைக்குப் படுத்தால் விடியும்போதுதான் கண் திறந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று இருபத்தெட்டுக்கு வந்தபோது, பரிசோதனைச் சீட்டில் பேர் சரியாக இருக்கிறதா என்று டாக்டர் இரண்டு தரம் பார்த்தார்.

"நாப்பது வருசமா என்னால முடியலைங்க. இந்த மண்ணு உங்கள மனுசனாக்கிப்போடுச்சு" என்றாள் பாக்கியலட்சுமி. அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சாமி விளக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக அந்த மனையைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டாள்.

இவ்வளவு நல்லதிலும் ஒரு வினை ஒளிந்திருந்தது. ஜடையன் பிறந்தது ஹனூர்ப் பக்கம் ராமாபுரம், வெள்ளாமைக் குடும்பம். அவர்கள் வீட்டில் யாரும் உழுத நிலத்தில் செருப்போடு ஏறியது கிடையாது. சோறு போடுகிற மண்ணைச் செருப்புக் காலால் மிதிப்பது பெற்றவளை மிதிப்பதற்குச் சமம். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். இதை அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. காலோடு சேர்ந்து வளர்ந்த பழக்கம். போகாதி மனைக்கு வரப்பு ஏது? எல்லையில் நட்ட சர்வே கல் ஒன்று இருந்தது. மண்வெட்டியோடு போன முதல் நாளே, தன்னை அறியாமல் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அந்தக் கால்களுக்கு உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது என்பது வேறு கதை. பஸ் ஓட்டிய கடைசி வருஷங்களிலேயே, கழற்ற முடியாத ஒரு சாக்ஸைப் போட்டிருக்கிற மாதிரி இருக்கும். டாக்டரிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை. சொல்லாததோடு போகவில்லை, அதைப் பெருமையாக வேறு எடுத்துக்கொண்டார். உச்சி வெயிலில் மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, "நமக்குச் சூடே தெரியறதில்ல. ராமாபுரத்துக் காலு!" என்பார். முள் குத்தினாலும் தெரியாது. அது வீரம் இல்லை, வியாதி என்று அவருக்குத் தோன்றவில்லை. சர்க்கரைதான் இறங்கிவிட்டதே, இனி என்ன என்று இருந்தார்.

ஜூன் மாசம் ஒரு காலை. இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. செருப்பைத் திரும்ப மாட்டாமலே தோட்டத்திலிருந்து ஒரு கூடைக் கத்தரிக்காயோடு வந்து படியேறினார் ஜடையன். வாசலில் மாநகராட்சிக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. அதை ஓட்டி வருகிறவள் கனகா. கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் மைசூரிலேயே பிறந்தவள். நாற்பது வயசு, கணீரென்ற குரல், பாதி கன்னடம் கலந்த தமிழ். வண்டி ஓட்டுகிறவள் என்பதாலேயே ஜடையனுக்கு அவள்மேல் ஒரு தனி மரியாதை உண்டு. அவளுக்காக நாலு நல்ல காயாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கனகா காயைப் பார்க்கவில்லை. வாசல் சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போன இடத்தை ஜடையனும் பார்த்தார். கேட்டிலிருந்து படி வரைக்கும் வரிசையாகச் சிவப்புக் காலடிகள்.

"அடடா, யாருக்கோ கால்ல அடிபட்டிருக்குது பாரு" என்றார் ஜடையன். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம் புள்ள பாக்கியா, காலக் கீலக் கிழிச்சுக்கிட்டியா?"

"எனக்கொண்ணும் இல்லீங்களே" என்று பாக்கியலட்சுமி வெளியே வந்தாள்.

"அண்ணா, அது உங்க காலு" என்றாள் கனகா. "இடது கால தூக்குங்க, பாக்கலாம்."

ஜடையன் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், நகம் அளவுக்கு ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டு பொதிந்திருந்தது. சுற்றிலும் சீழ். அன்றைக்குக் குத்தியது இல்லை அது. சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. இத்தனை நாள் அந்தக் காலோடு குளித்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், பாத்தி கட்டியிருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. அப்போதுகூட வலி இல்லை. அதுதான் அவரை நடுங்க வைத்தது.

பாக்கியலட்சுமி மஞ்சள்தூள் எடுக்க உள்ளே ஓடினாள். கனகா போட்ட சத்தத்தில் பாதியில் நின்றாள். "பேடாக்கா! மஞ்சளும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். எங்க மாமனாருக்கு இதே மாதிரிதான். வீட்டு வைத்தியம் பண்ணி எட்டு நாள் ஓட்டினோம், முழங்காலோட எடுத்துட்டாங்க. பேக, சீக்கிரம் வாங்க, இப்பவே போகணும்." ஆட்டோவுக்குக் காத்திருக்கவும் அவள் விடவில்லை. காலில் சுத்தமான துணியைச் சுற்றி, குப்பை வண்டியிலேயே ஏற்றித் தன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காரவைத்தாள். பாக்கியலட்சுமி பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்தாள். அவசரத்தில் பாட்டை நிறுத்த மறந்துவிட்டாள் கனகா. வழியெல்லாம் பெண்கள் குப்பைக் கூடையோடு ஓடி வந்து, வண்டி நிற்காமல் பறப்பதைப் பார்த்துத் திட்டினார்கள். இருபத்தெட்டு வருஷம் ஊரை ஏற்றிச் சுமந்த மனிதர், குப்பை வண்டியில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்தும்மா, செகண்டுல போடு, வளைவு வருது" என்று சொல்லிக்கொண்டே போனார். பயத்தில் வேறென்ன பேசுவதென்று தெரியவில்லை அவருக்கு.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஒளிக்கவில்லை. நாலைந்து நாளாக உள்ளே இருந்த கண்ணாடி. சீழ் மேலே ஏறத் தொடங்கியிருக்கிறது. விரலோடு நிற்குமா, பாதத்தையே எடுக்க வேண்டி வருமா என்று பத்து நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜடையன் அந்தப் பத்து நாளும் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு தன் ஊர்ப் பக்கத்துச் சாமியான மலை மாதேஸ்வரனோடு பேரம் பேசினார். "மாதேஸ்வரா, வெரல எடுத்துக்க, கால விட்டுரு" என்று முதலில் கேட்டார். பிறகு, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தானே வழி காட்டுகிறோமோ என்று பயந்து, "எதுவுமே எடுக்காத" என்று மாற்றிக் கேட்டார். அப்புறம் அது பேராசை என்று பட்டது. பழையபடி விரலுக்கே வந்தார்.

மாதேஸ்வரன் முதல் பேரத்துக்கே ஒப்புக்கொண்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன மாதிரி, காலுக்கு வந்தது சுண்டுவிரலோடு போயிற்று.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "சர்க்கரையை எப்படி இவ்வளவு இறக்கினீர்கள்?" ஜடையன் குற்றவாளி மாதிரித் தோட்டத்தைச் சொன்னார். அங்கேதான் கண்ணாடி குத்தியது என்பதால் அடுத்து திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். டாக்டர் சிரித்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த சர்க்கரையோடு இந்தப் புண்ணைக் கொண்டுவந்திருந்தால் பாதம் மிஞ்சியிருக்காது. உங்கள் தோட்டம்தான் இந்தக் காலை ஆற்றியிருக்கிறது. போய் நன்றாகத் தோட்டம் போடுங்கள். ஆனால் மூடிய ஷூ போடாமல் மண்ணில் கால் வைக்கக் கூடாது."

முதல் பாதியைக் கேட்டு ஜடையனுக்குக் கண்ணீர் முட்டியது. இரண்டாம் பாதியைக் கேட்டு முகம் சுருங்கியது.

டாக்டர் எழுதிக்கொடுத்தபடியே கனத்த அடியும் உள்ளே மெத்தென்ற அட்டையும் வைத்த ஒரு ஜோடி ஷூவைப் பாக்கியலட்சுமி வாங்கி வந்தாள். ஜடையன் அதைப் பெட்டியோடு பீரோவுக்கு அடியில் தள்ளினார். புண் ஆறியது, ஆவணி பிறந்தது, அவர் தோட்டத்தில் இறங்கவில்லை. சர்வே கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவரைக்குத் தண்ணீர் விடுகிற மனைவிக்கு உத்தரவு போட்டார்.

"செருப்போட ஏறறதுக்கு ஏறாமயே இருந்துக்கறேன்" என்றார்.

உட்கார்ந்த இடத்திலேயே சர்க்கரை நூற்றுத் தொண்ணூறுக்கு ஏறியது. தூக்கம் போயிற்று. மூக்கு நுனிக் கோபம் பழைய இடத்துக்கே குடி வந்தது. தினம் சாயங்காலம் பாக்கியலட்சுமி முகம் பார்க்கிற கண்ணாடியை அவர் பாதத்துக்கு அடியில் பிடித்து, விரல் சந்து விடாமல் பார்த்து, "இன்னிக்கு ஒண்ணுமில்லீங்க" என்பாள். அதைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சு வரும். இன்னொரு புண்ணுக்கு இந்தச் சர்க்கரை இடம் கொடுக்காது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

கனகாவும் சொல்லிப் பார்த்தாள். "மண்ணுக்கு மரியாதைன்னு நீங்க செருப்ப கழட்டறீங்கண்ணா. அதே மண்ணுல பாட்டில ஒடைச்சு வீசினவன் எதைக் கழட்டினான்? நீங்க மட்டும் மரியாதை பண்ணா கால் நிக்குமா?"

கனகா கேட்டது ஜடையனுக்கும் உறைத்தது. உறைத்துவிட்டால் ஒப்புக்கொண்டுவிடுகிற ஆளா அவர்? கத்தரிக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

இப்படியே ஆயுதபூஜையும் வந்தது. ஊரே சாமந்தியும் பூசணிக்காயுமாக இருந்தது. பாக்கியலட்சுமி விடிந்ததும் மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், பூவாளி எல்லாவற்றையும் கழுவி, வாசலில் பலகை போட்டு அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தாள். ஜடையன் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து பார்த்தார். மண்வெட்டிக்கும் பூவாளிக்கும் நடுவில் ஷூ ஜோடி நின்றது. ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு பொட்டு, கழுத்தில் ஒரு சாமந்திப்பூ.

"என்ன புள்ள அக்குறும்பு இது!" என்று கத்தினார். "பூசையில கொண்டாந்து செருப்ப வெச்சிருக்கற! புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

நாற்பது வருஷமாகக் குரல் உயர்த்தாதவள் அன்றைக்கு உயர்த்தினாள்.

"ஏனுங்க, இருவத்தெட்டு வருசம் ஆயுதபூசைக்கு டிப்போவுல பஸ்ஸு டயருக்குப் பூசை போட்டீங்களே, அந்த டயரு எதை மிதிக்காம வந்துச்சு? சாணிய மிதிச்சுது, சாக்கடைய மிதிச்சுது, செத்த நாய மிதிச்சுது. அதுக்குப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வெச்சுக் கும்புட்டீங்க. ஏன்? அதுதான ஊரான் வீட்டுச் சனத்த பத்தரமா கொண்டுபோயிச் சேத்துச்சு? என்ர புருசன் கால பத்தரமா வெச்சிருக்கறதுக்கு நானு ஒரு பொட்டு வெக்கக் கூடாதா? இதென்ன செருப்பா? எனக்கு இதுதானுங்க ஆயுதம்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். ஜடையன் பலகையில் நின்ற ஷூவைப் பார்த்தார். டயருக்குப் போட்ட மாலைகளெல்லாம் அவர் கண் முன்னால் வந்து போயின. ஒரு வருஷம்கூட அதை அசுத்தம் என்று நினைத்ததில்லை அவர். இந்த மனுஷி தினம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் காலடியில் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. நியாயம் தன் பக்கம் இல்லை என்பது அப்போது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"செரி, அழுவாத. கற்பூரத்தக் காட்டு" என்றார், குரல் இறங்கி.

கற்பூரம் காட்டியதும் அவரே ஷூவை எடுத்தார். டாக்டர் சொன்னபடி தலைகீழாகப் பிடித்துத் தட்டி, உள்ளே பூச்சி பொட்டு இல்லை என்று பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். பாக்கியலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் போய்ச் சர்வே கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். பூஜை முடிந்து பஸ்ஸை முதன்முதலாக நகர்த்தும்போது டயருக்கு அடியில் வைப்பார்களே, அதே மாதிரி.

அந்த நேரத்துக்கு வாழைக்கன்றும் பூச்சரமும் கட்டிக்கொண்டு குப்பை வண்டி வந்து நின்றது. கனகா தலையை வெளியே நீட்டி, நடப்பது என்னவென்று ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, கண்டக்டர் மாதிரிக் கதவில் ஓங்கித் தட்டினாள். "ரைட்! ரைட்! போலாம் அண்ணா!"

ஜடையன் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வலது காலை எடுத்து முதல் பழத்தின்மேல் வைத்தார், இடது காலை இரண்டாவதின்மேல் வைத்தார். பச்சென்று இரண்டும் நசுங்கின. கால்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. காதுக்குக் கேட்டது.

இனிமேல் இந்தக் கால்கள் தாமாக ஒன்றும் சொல்லப்போவதில்லை, பார்த்துச் சொல்ல இந்த இரண்டு பேர்தான் என்று அவருக்குப் பட்டது. அப்படியே திரும்பி நின்று, மனைவியையும் குப்பை வண்டிக்காரியையும் பார்த்து, பூஜையில் நிற்கிறவரைப் போலக் கைகூப்பினார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார்.